சிலேத்தார் வெயிலில் செஸ்னா 172: சிமுலேட்டர் விமானத்தைக் கையேட்டு எண்ணுக்குக் கொண்டுவருதல்

சிமுலேட்டரில் செஸ்னா 172 ஓட்டுகிறவர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, "ராக்கெட் மாதிரி ஏறுது." மற்றொன்று, "ஓடுபாதையை விட்டு எழவே மாட்டேங்குது." இரண்டும் ஒரே விமானத்தைப் பற்றி, ஒரே ஆளிடமிருந்து, ஒரே வாரத்தில் வருவதும் உண்டு. விமானம் அப்படியேதான் இருக்கிறது. ஏற்றிய எடையும் அன்றைய வெயிலும்தான் மாறியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, எக்ஸ்-பிளேன் 12 இரண்டிலும் 172எஸ் ரகத்தை நெடுநாள் திருத்தித் திருத்திப் பறந்து பார்த்ததில் தேறியது இது: விமானத்தின் அமைப்பு எண்கள் உள்ள கோப்பைத் திறப்பதற்கு முன் தராசையும் தெர்மாமீட்டரையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில் எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி. யூடியூப் காணொளியோடு ஒப்பிடக்கூடாது. விமானியின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். 172எஸ் கையேடு தரும் எண்களில் ஆறேழு போதும். அதிகபட்சப் புறப்பாட்டு எடை 2550 பவுண்டு. எஞ்சின் 2700 சுற்றில் 180 குதிரைத்திறன். கடல்மட்டத்தில் அதிகபட்ச வேகம் 126 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). 74 நாட்டில் ஏறும்போது நிமிடத்துக்கு 730 அடி. 8500 அடியில் 75 விழுக்காட்டு சக்தியில் காற்றைப் பொறுத்த உண்மை வேகம் 124 நாட். எஞ்சின் நின்றால் 68 நாட்டில் மிதந்து இறங்க வேண்டும். புறப்படும்போது தரையில் ஓடும் தூரம் 960 அடி.

இந்த எண்களுக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு: முழு எடை, காற்றே இல்லை, கடல்மட்டத்தில் 15 டிகிரி, 1013 ஹெக்டோபாஸ்கல். சிங்கப்பூரில் எந்த மாதத்தில் 15 டிகிரி அடிக்கிறது? பிற்பகல் 32 டிகிரி, அழுத்தம் 1009 என்று வைத்துக்கொண்டால், அங்குள்ள சிலேத்தார் விமான நிலையத்தின் ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 2200 அடி உயரத்துக் காற்று. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அடர்த்தி உயரம் (அடர்த்தியில் எந்த உயரத்துக் காற்றுக்குச் சமம் என்பது) ஏறக்குறைய 120 அடி கூடும் என்று போட்டால் கணக்கு வந்துவிடும். அதே கையேட்டின் அட்டவணைகளில் 32 டிகிரிக்கு இடைமதிப்புப் பார்த்தால், ஏறுவேகம் 730-லிருந்து சுமார் 670 ஆகிறது. தரை ஓட்டம் 960 அடியிலிருந்து 1090 அடியை நெருங்குகிறது. சிலேத்தார் ஓடுபாதை 1836 மீட்டர் என்பதால் அங்கே இந்த 130 அடி கண்ணுக்கே தெரியாது. ஏறுவேகத்தில் குறையும் 60 அடி மட்டும் ஏறுவேக மீட்டரில் தெரிகிறது. உடனே பலர் எஞ்சின் கோப்பைத் திறந்து சக்தியைக் கூட்டிவிடுகிறார்கள். பிறகு அதே விமானத்தைக் குளிர்நாட்டு நிலையம் ஒன்றில் ஓட்டினால் ராக்கெட் ஆகிவிடும்.

அதனால் சோதனைக்கு நேரடி வானிலை வேண்டாம். காற்று பூஜ்யம், 15 டிகிரி, 1013.25 என்று கையால் வைத்துக்கொள்ள வேண்டும். நேரடி வானிலையில் மதியம் இரண்டு மணிக்குப் பறந்தால், இடிமேகத்தின் மேல்நோக்கிய காற்று நிமிடத்துக்குச் சில நூறு அடிகளைச் சும்மா கொடுக்கும் அல்லது பறிக்கும். சாங்கிக்குக் கிழக்கே கடலுக்கு மேல் பறப்பது வசதி: மேடுபள்ளம் இல்லை, கட்டடங்கள் இல்லாததால் கணினிக்கும் சுமை குறைவு. எக்ஸ்-பிளேனில் இது வெறும் வசதி இல்லை. விநாடிக்கு 20 படத்துக்குக் கீழே போனால் அது சிமுலேட்டரின் நேரத்தையே மெதுவாக்கிவிடும். கைப்பேசி ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால் எண் தவறும். விமானி அறையில் இருக்கும் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். குளிரூட்டி போடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் கிராஃபிக்ஸ் கார்டு சூடேறிப் படங்கள் குறைவதும் இந்தக் கணக்கில் சேரும். வெயில் விமானத்தை மட்டும் பாதிப்பதில்லை!

அடுத்தது எடை. பல சிமுலேட்டர் விமானங்கள் ஒரு விமானியோடும் பாதி எரிபொருளோடும் தொடங்கும். எடை 2200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஏறுவேகம் என்பது மிச்சமிருக்கும் சக்தி. 2550 பவுண்டை நிமிடத்துக்கு 730 அடி தூக்க, 2550-ஐ 730-ஆல் பெருக்கி 33,000-ஆல் வகுத்தால் 56 குதிரைத்திறன். அதே 56 குதிரைத்திறன் 2200 பவுண்டை நிமிடத்துக்கு ஏறக்குறைய 850 அடி தூக்கும். எடை குறைந்ததால் இழுவையும் குறைவதால் உண்மையில் இன்னும் அதிகமாகவே வரும். ஆக, மீட்டரில் 850 பார்த்ததும் "விமானம் தப்பு" என்று முடிவுகட்டினால், தப்பு எரிபொருள் அளவில் இருக்கிறது. பயன்படுத்தக்கூடிய 53 கேலன் எரிபொருளே 318 பவுண்டு.

எடை 2550, வெப்பம் 15 என்று சரிபார்த்த பிறகும் 850 வந்தால் அப்போதுதான் கோப்பில் வேலை. வித்தியாசம் 120 அடி. அதே கணக்கில் 9 குதிரைத்திறன் சொச்சம். 74 நாட்டில் அது சுமார் 41 பவுண்டு இழுவைக்குச் சமம். இந்த 41 பவுண்டு எங்கே காணாமல் போனது என்று தேடுவதுதான் திருத்தும் வேலை. ஏறுவேகம் காட்டும் நேர்குத்து வேகமானி தாமதித்துக் காட்டும், அதை நம்ப வேண்டாம். கையை எடுத்தாலும் வேகம் 74 நாட்டில் நிற்கும்படி டிரிம் வைத்து, 500 அடியிலிருந்து 1500 அடி வரை கடிகாரம் பிடியுங்கள். கையேட்டின்படி சுமார் 88 விநாடி ஆக வேண்டும். 75 விநாடியில் முடிந்தால் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை பறந்து உறுதிசெய்யுங்கள்.

சந்தேகம் முதலில் விழ வேண்டியது புரொப்பெல்லர் மேல். பிரேக்கை அழுத்திப் பிடித்து முழு திராட்டில் (எஞ்சின் சக்தி) கொடுத்தால் 172எஸ் நின்ற இடத்தில் 2300 முதல் 2400 சுற்று காட்ட வேண்டும். 2600 காட்டினால் புரொப்பெல்லரின் கோணமோ விட்டமோ தவறு. விட்டம் 76 அங்குலம். இதைச் சரிசெய்யாமல் இழுவையைத் தொட்டால் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஓர் உயரத்தில் எண் பொருந்தும், 8500 அடிக்குப் போனால் இரண்டும் சேர்ந்து வெளியே வரும். இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான்.

சுற்று சரியானால் இழுவை. உடல் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். தூக்குவிசையால் வரும் தூண்டல் இழுவை வேகம் குறையக் குறையக் கூடும். எனவே உடல் இழுவையை அதிகபட்ச வேகத்தில் பிடிக்க வேண்டும், தூண்டல் இழுவையை ஏற்றத்திலும் மிதப்பிலும் பிடிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முடிவே வராது. கடல்மட்டத்தில் 126-க்குப் பதில் 131 நாட் வந்தால் விகிதம் 1.04. தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்தோடு போவதால் 1.04-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 1.12. மைக்ரோசாஃப்ட் பக்கம், ஃப்ளைட் மாடல் கோப்பின் ஃப்ளைட் டியூனிங் பகுதியில் பாரசைட் டிராக் ஸ்கேலார் (உடல் இழுவையின் பெருக்கெண்) 1.0 இருந்தால் 1.12 ஆக்கிப் பறந்து பார்க்கலாம். மொத்த இழுவையில் தூண்டல் இழுவைக்கும் ஒரு சிறு பங்கு இருப்பதால் கடைசியில் 1.13, 1.14 என்று நிற்கும்.

மிதப்புச் சோதனைக்கு மிக்ஸ்சரை (எரிபொருள் கலவையை) வெட்டி எஞ்சினையே நிறுத்த வேண்டும். ஐடிலில் (மிகக் குறைந்த சுற்றில்) வைத்துச் சோதிப்பவர்கள், சுழலும் எஞ்சின் தரும் கொஞ்சநஞ்ச உந்துதலையும் விமானத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 68 நாட்டில் ஆயிரம் அடிக்கு ஒன்றரைக் கடல்மைல் போக வேண்டும். அதாவது ஆயிரம் அடி இறங்க 80 விநாடிக்குச் சற்றுக் குறைவு. 95 விநாடி ஆனால் இன்டியூஸ்ட் டிராக் ஸ்கேலாரை (தூண்டல் இழுவையின் பெருக்கெண்ணை) 0.05 படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஏற்றத்தையும் மறுபடி அளக்க வேண்டும். ஒரு பறத்தலுக்கு ஒரே மாற்றம்தான்.

வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலில் ஒரு பொறி இருக்கிறது. கையேட்டின் செயல்திறன் பக்கத்தில் ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்காமல் 53 நாட் என்று இருக்கும். வேகமானியில் பச்சை வளைவு 48-இல் தொடங்கும். முன்னது பிழைதிருத்திய வேகம், பின்னது மீட்டர் காட்டும் வேகம். மெதுவாகப் பறக்கும்போது நிஜ மீட்டர் குறைத்துக் காட்டும். சிமுலேட்டர் விமானத்தில் அந்தப் பிழை வடிவமைக்கப்படவில்லை என்றால் 53-இல் ஸ்டால் ஆவதுதான் சரி. அதை 48-க்கு இழுக்க இறக்கையின் தூக்குவிசையைக் கூட்டினால் தரையிறங்கும்போது விமானம் ஓடுபாதை முழுக்க மிதந்துகொண்டே போகும். விநாடிக்கு ஒரு நாட் வீதம் வேகத்தைக் குறைத்துத்தான் அளக்க வேண்டும். மூக்கை வெடுக்கென்று தூக்கினால் எந்த எண்ணும் வரும்.

கையாளுதல் என்று வந்தால் பேச்சு நீளும். மூக்கு மேலும் கீழும் ஆடுகிறது, நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பிட்ச் ஸ்டெபிலிட்டியை (மூக்கு நிலைத்து நிற்கும் அளவை) கூட்டுவதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஈர்ப்பு மையம். 2550 பவுண்டில் அது ஃபயர்வாலிலிருந்து (எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவர்) 41.0 அங்குலத்துக்கும் 47.3 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். பின்னால் பெட்டியை அடுக்கி 47-க்குத் தள்ளினால் நிஜ விமானமே கை பட்டதும் துள்ளும். இரண்டு, நிலைமத் திருப்புதிறன்கள், அதாவது ஒவ்வோர் அச்சிலும் விமானம் சுழலக் காட்டும் தயக்கம். 172-க்குப் பாடநூல்களில் வரும் எண்கள் உருளலுக்கு 948, மூக்கு ஏற்ற இறக்கத்துக்கு 1346, திரும்பலுக்கு 1967. அலகு ஸ்லக்-அடி வர்க்கம். கோப்பில் திரும்பல் எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையை மிஞ்சியிருந்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் அது. எந்தத் திடப்பொருளுக்கும் அப்படி வராது. எண் மிகப் பெரியதென்றால் விமானம் தாமதமாகப் பதில் சொல்லும், பிறகு நிற்காது. சிறியதென்றால் கொசு மாதிரி படபடக்கும்.

இதற்கு மேலும் "கை கனமாக இல்லை" என்பவர்கள் கோப்பைக் குறை சொல்ல வேண்டாம். நிஜ யோக் (விமானி பிடிக்கும் கைப்பிடி) வேகம் கூடக் கூட கனக்கும். மேசை ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு 60 நாட்டும் 120 நாட்டும் ஒன்றுதான். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) எஃபெக்டிவ்னெஸைக் குறைத்து அந்தக் கனத்தைப் போலியாக வரவழைத்தால், மெதுவாக இறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் போதாது. உணர்திறன் வளைவை மட்டும் மென்மையாக்கி விட்டுவிடலாம். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்கின் பொட்டென்ஷியோமீட்டர் நம்மூர் ஈரப்பதத்தில் சில மாதங்களில் துள்ளத் தொடங்கும். அமைப்புத் திரையில் அச்சுக்கோடு தானாக நடுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விமானத்தைக் குறை சொல்ல வேண்டும். காந்த உணரி வைத்ததை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு சிமுலேட்டரில் எது திருத்த எளிது? மைக்ரோசாஃப்டில் ஒரு ஸ்கேலாரைத் தட்டினால் எண் நகரும். ஒரு மாலையில் ஏற்றமும் வேகமும் பொருந்திவிடும். ஆனால் ஏன் பொருந்தியது என்று தெரியாது. எக்ஸ்-பிளேன் இறக்கையைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் விசையையும் கணக்கிடுவதால், அதன் விமான வடிவமைப்புக் கருவியான பிளேன் மேக்கரில் இறக்கையின் கோணத்தையோ பரப்பையோ சரியாகக் கொடுத்தால் ஸ்டால், மிதப்பு, டிரிம் மூன்றும் சேர்ந்தே சரியாகும். தவறாகக் கொடுத்தால் மூன்றும் சேர்ந்தே கெடும். பொறுமை உள்ளவருக்கு எக்ஸ்-பிளேன். டேட்டா அவுட்புட்டில் எண்களைக் கோப்பாக எழுதவைக்கும் வசதியே அதற்குப் போதுமான காரணம். பெரிய ஜெட் விமானங்களை மட்டும் தொடாமல் விடுவது நல்லது. தானியங்கி விமானி பழைய எண்களுக்குப் பழகியிருக்கும். இழுவையை மாற்றினால் இறங்கும் பாதைக் கணக்கு குலைந்துபோகும்.

கோப்புகளைப் பொறுத்தவரை, மூலத்தில் கை வைக்கக் கூடாது. எக்ஸ்-பிளேனில் விமானத்தின் முழு ஃபோல்டரையும் வேறு பெயரில் நகலெடுத்து அதில் திருத்த வேண்டும். மூலத்திலேயே திருத்தினால் அடுத்த புதுப்பிப்பு மேலெழுதிவிடும். மைக்ரோசாஃப்ட் 2020-இல் திருத்தப் பொதியை கம்யூனிட்டி ஃபோல்டரில் வைக்க வேண்டும். அதன் லேஅவுட் கோப்பில் பதியாத புதுக் கோப்பை சிமுலேட்டர் கண்டுகொள்ளவே செய்யாது. "மாற்றினேன், எதுவும் ஆகவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். கடையில் வாங்கிய பூட்டிய விமானங்களைத் திறக்க முடியாது. 2024 பதிப்பில் பல விமானங்கள் இணையம் வழியே வருவதால் கோப்பே கைக்கு எட்டாது. திருத்தும் ஆசை உள்ளவர்கள் 2020-ஐ இப்போதைக்கு அழிக்க வேண்டாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, பழைய எண், புது எண், அளந்த விநாடி நான்கையும் ஓர் எழுத்துக்கோப்பில் குறித்து அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். பெரிய புதுப்பிப்பு வந்த மறுநாள் நின்ற இடத்துச் சுற்று, அதிகபட்ச வேகம், 88 விநாடி ஏற்றம் மூன்றையும் மறுபடி ஓட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் எது நகர்ந்தது என்று தெரிந்துவிடும். மூன்றும் நின்ற இடத்திலேயே இருந்தால் வெப்பத்தை 32-க்கு ஏற்றி, சிலேத்தாரிலிருந்து முழு எடையோடு கிளம்பலாம். மீட்டர் 670-ஐ ஒட்டி நிற்கும்.