"கரண்ட் கட்டே தெரியாதுண்ணே" என்று சொல்லி விற்றார்கள்

கஜா புயலடித்த 2018 நவம்பரில் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது. அந்தப் பயம் போகாமல்தான் போன வருடம் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். "இனிமே கரண்ட் கட்டே தெரியாதுண்ணே" என்றார் போட்டுக்கொடுத்தவர். மானியம் 78,000 ரூபாய் ஒழுங்காக வந்தது, பில்லும் குறைந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதமே பராமரிப்பு வேலை என்று ஈபியில் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினார்கள். மாடியில் கால் வைக்க முடியாத வெயில், கீழே ஒரு ஃபேன் சுற்றவில்லை. பக்கத்து வீட்டில் ஓட்டை இன்வெர்ட்டரில் டிவி ஓடுகிறது! ஈபி லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அப்படித்தானாம். லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதே. நியாயம்தான். விற்கும்போது வாயைத் திறந்திருக்கலாமே?

கேட்டதற்கு, "தனி இன்வெர்ட்டரும் ரெண்டு சோலார் பேட்டரியும் போட்டுக்கலாம்ணே, எட்டு மணி நேரம் நிக்கும், அஞ்சு வருஷ வாரண்டி" என்றார். இன்னொரு 52,000 கொடுத்தேன்.

ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், நாலு லைட். மூன்று மணி நேரத்தில் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்ற வந்த எலக்ட்ரீஷியன் பையன் பேட்டரியின் தூசியைத் துடைத்துக் காட்டினான்: 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு), ஓரத்தில் பொடி எழுத்தில் சி20. சோலாருக்கு விற்பது சி10. அது பத்து மணி நேரத்தில் இறக்கினாலும் 150-ஐத் தரும். சி20 என்றால் இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால்தான் அந்த 150.

சி10-ஆகவே இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. 12 வோல்ட், 150 ஏஎச், இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 3,600 வாட்-அவர். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும், ஆக 1,800. என் லோடு 400 வாட். எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்?

அந்த அஞ்சு வருஷமும் கார்டில் 36+24 மாதம் என்று இருக்கிறது. கடைசி 24 மாதத்தில் கெட்டால் புது பேட்டரி கிடையாது, வாங்கினால் தள்ளுபடி மட்டும். அதற்கும் கார்டில் கடை சீல் இல்லை, தேதி இல்லை.

சோலார் போடப் போகிறவர்கள், கரண்ட் போனாலும் பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரா என்று முதலிலேயே கேளுங்கள். எத்தனை வாட்டுக்கு எத்தனை மணி நேரம், சி10-ஆ என்பதெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் மெயினை இறக்கிப் பாருங்கள்.

சீல் வைக்கக் கடைக்கு வரச் சொன்னார். மூன்று தடவை போய்விட்டேன், ஷட்டர் இறங்கியே கிடக்கிறது.