சுவிட்சை அணைக்காதீங்க: ஏழு வருட ஃபோட்டோ பிரிண்டர் அனுபவம்

போன வாரம் மதுரையிலிருந்து பிரிண்டர் வீடு திரும்பியது. தாளில் மை தெளிக்கிற ஹெட்டைப் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். பில் 34,000 ரூபாய். உள்ளே மை இருப்பதால் சாய்க்கக்கூடாது என்று காரின் பின்சீட்டில் தலையணை வைத்து, பெல்ட் போட்டு, பிள்ளைத்தாச்சியைக் கூட்டி வருவதுபோல் தூத்துக்குடி வரைக்கும் மெதுவாக ஓட்டி வந்தேன். அன்று சாயங்காலம்தான் கோவில்பட்டியில் கல்யாண ஃபோட்டோ எடுக்கிற தம்பி ஒருவர் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க வச்சிருக்க மாதிரி பிரிண்டர் இப்ப விலை குறைஞ்சிருக்கு, ஒண்ணு வாங்கிப் போடட்டுமா?" என்றார். கேட்ட நேரம் சரியில்லை. நான் கத்திய கத்தில் பாவம், ஃபோனை வைத்துவிட்டார். அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. 13 அங்குலத் தாள் போகும், பிக்மெண்ட் மை, 9 கார்ட்ரிட்ஜ். மற்ற விவரமெல்லாம் கடையிலேயே சொல்வார்கள். 2018இல் வாங்கினேன். பாங்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை கேமரா, அவ்வளவுதான் நம்ம தகுதி.

வாங்கியதற்குக் காரணம் உப்பு. முள்ளக்காடு பக்கம் உப்பளங்களில் பல வருடமாகப் படம் எடுக்கிறேன். ஒருமுறை, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் படத்தை லேபில் 12க்கு 18 போடக் கொடுத்தேன். வந்ததைப் பார்த்தால் பின்னால் குவித்திருந்த உப்பு அம்பாரம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, ஒரு பொடி உப்பு தெரியவில்லை. அக்கா முகத்தில் பவுடர் அப்பியது போல ஒரு வெளுப்பு. "முகம் கொஞ்சம் டார்க்கா இருந்துச்சு சார், தூக்கி விட்டுட்டேன்" என்றார் லேப் பையன். அவர்மேல் தப்பில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை கல்யாண ஆல்பம் பார்க்கிறவர். வருகிற எல்லாருமே முகத்தைத் தூக்கச் சொல்கிறவர்கள்தான். ஆனால் வெயிலில் நின்று கறுத்த முகத்தை வெளுக்க வைத்தால் அது யாருடைய படம்? அந்தக் கோபத்தில் வாங்கியது இந்தப் பிரிண்டர்.

முதல் ஆறு மாதம் என் உப்பு ரோஸ் கலரில் வந்தது. தாளைக் குறை சொன்னேன், மையைக் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால் ஃபோட்டோஷாப்பில் அந்தத் தாளுக்கு ஏற்ப நிறத்தைத் திருத்துகிற ஐசிசி புரொஃபைலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், பிரிண்டரை இயக்குகிற சாஃப்ட்வேரான டிரைவரிலும் கலர் கரெக்‌ஷனை ஆன் செய்து வைத்திருக்கிறேன். ஒரே குழம்புக்கு மாமியாரும் மருமகளும் தனித்தனியாக உப்புப் போட்ட கதை. டிரைவரில் அதை ஆஃப் செய்ததும் ரோஸ் போய்விட்டது. இந்த ஒரு செட்டிங்குக்காக நான் குப்பையில் போட்ட A3+ தாள்களின் கணக்கை வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

ரோஸ் போனதும் இருட்டு வந்தது. ஸ்கிரீனில் பளிச்சென்று இருக்கும் படம் தாளில் மழைக்கால மதியம் மாதிரி விழுந்தது. இது பிரிண்டரின் குற்றமே இல்லை. மானிட்டர் கடையில் இருந்த வெளிச்சத்திலேயே வீட்டிலும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்கிரீனின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து சரிசெய்கிற காலிபரேட்டர் வாங்கி ஸ்கிரீன்மேல் வைத்து, வெளிச்சத்தை 100 கேண்டெலாவுக்கு இறக்கினேன். வெள்ளையின் சாயல் 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம். "ஏங்க, மானிட்டர் போயிடுச்சா?" என்று கேட்டாள் மனைவி. ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது. பிரிண்டரைவிட அந்தச் சின்னக் காலிபரேட்டர்தான் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. தம்பி கவனிக்க.

அப்புறம்தான் உண்மையான பாடம், வெள்ளை. பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. ஃபைலில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. 255 என்று இருக்கிற இடத்தில் அது ஒன்றுமே தெளிக்காது, வெறும் தாள்தான். நமக்கு வேண்டிய உப்பு 255இல் இல்லை. 238லிருந்து 248 வரைக்கும், அந்தப் பத்து எண்ணுக்குள் இருக்கிறது ஒவ்வொரு பரலின் நிழலும். இப்போதெல்லாம் எடிட் பண்ணும்போது படத்தைப் பார்ப்பதைவிட கர்சரை அம்பாரத்தின்மேல் ஊர்ந்துபோக விட்டு எண்ணைத்தான் பார்க்கிறேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கர்வை ஒரு மயிரிழை இறக்கினால் உப்பு சிமெண்ட் ஆகிவிடும், ஏற்றினால் சுண்ணாம்பு. பளபளக்கிற கிளாஸி தாளில் இன்னொரு சங்கடம், மை விழாத இடம் தனியாக மின்னும். சாய்த்துப் பிடித்தால் சொட்டை விழுந்த மாதிரி தெரியும். அதனால் உச்ச வெள்ளையையே 250க்கு இறக்கி, எங்கும் ஒரு துளி மையாவது விழும்படி செய்கிறேன்.

தாளும் வெள்ளையைப் பற்றிப் பொய் சொல்லும். விலை குறைந்த தாள்களில் வெளுப்பேற்ற பிரைட்னர் கலந்திருப்பார்கள். வேட்டிக்கு நீலம் போடுகிற மாதிரிதான். ஜன்னல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதா ஒளி பட்டதும் உப்பு நீலம் பாய்ந்து ஜொலிக்கும். அதையே ராத்திரி எல்இடி பல்பில் பார்த்தால், அதில் புற ஊதா ஒளி கிட்டத்தட்ட இல்லாததால், பாதி உயிர் போயிருக்கும். பிரைட்னர் இல்லாத பருத்தித் தாளுக்கு மாறினேன். லேசாகப் பால் நிறம். விடிகாலை ஆறு மணிக்கு அளத்தில் நிற்கிற வெள்ளை அதுதான். விலை ஒரு A3+ தாளுக்கு 500 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது என்பதால், முதலில் படத்தின் சிக்கலான ஒரு துண்டை மட்டும் கால் தாளில் போட்டு, அரைமணி நேரம் காயவிட்டு, ஜன்னலோரம் வைத்துப் பார்த்த பிறகுதான் முழுத்தாள்.

கறுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பில்லாத மேட் தாளில் கறுப்பு அடர்த்தி (எண் ஏற ஏறக் கறுப்பு ஆழமாகும்) 1.6, 1.7க்கு மேல் ஏறுவது கஷ்டம். லேசாகப் பளபளக்கும் பரைட்டா தாள் 2.2ஐச் சாதாரணமாகத் தாண்டும். ஃபோட்டோஷாப்பில், தாளில் எப்படி விழும் என்று ஸ்கிரீனிலேயே காட்டுகிற சாஃப்ட் புரூஃப் போட்டு, தாள் நிறத்தையும் காட்டு என்று டிக் அடித்தால் படம் சாம்பல் பூசியதுபோல் மாறும், முதல் தடவை வயிற்றைக் கலக்கும். பயப்படாமல் இருண்ட இடங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுத்தால், கறுத்த தோலுக்கு மேட் தாள் போல அழகு வேறில்லை. மூன்று அடர்த்தியில் கறுப்பு மை வைத்திருக்கிற மிஷின் இது. லேபில் கலர் பேப்பரில் போடும் கறுப்பு வெள்ளைப் படத்தை மூன்று வண்ணச் சாயங்கள் சேர்ந்துதான் உண்டாக்கும், அதனால் கொஞ்சம் பிசகினாலும் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்கும். இதில் சாம்பல் சாம்பலாகவே இருக்கும்.

2021 மாசியில் அந்த அக்காவின் படத்தைப் புதிதாகப் போட்டு, அட்டைக்குள் வைத்து அளத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினார். தன் முகத்தைப் பார்ப்பார் என்று நான் காத்திருக்க, அவர் பார்த்தது பின்னால் இருந்த இரண்டு அம்பாரங்களை. "இது நாங்க வாருனது. அந்தா பின்னால கிடக்கு பாருங்க, அது முந்தின வருசத்து உப்பு. மழ பாத்தது" என்றார். எனக்குத் தெரியாது. படம் எடுத்தவன் நான், ஆறேழு தடவை எடிட் பண்ணியவன் நான், இரண்டும் வேறுவேறு உப்பு என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து கர்சரை வைத்துப் பார்த்தேன். முன்னால் இருப்பது 246, பின்னால் இருப்பது 240. அந்த ஆறு எண் வித்தியாசத்தைத் தாளில் இறக்கியிருக்கிறது இந்தச் சனியன்.

சனியன் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன்.

இது படம் போட்டால் மை குடிக்கும், போடாவிட்டாலும் குடிக்கும். பிக்மெண்ட் என்பது கரையாத பொடி. ஹெட்டில் மை வெளியே வருகிற நுண்துளைதான் நாசில். அதன் வாயில் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு படமாவது போட வேண்டும். ஒரே ஒரு நிறம் அடைத்தாலும் கிளீனிங் கொடுத்தால் எல்லா நிறத்தையும் சேர்த்து உறிஞ்சிக் கழிவுப் பெட்டிக்கு அனுப்பும். ஒன்றை மட்டும் சுத்தம் செய்யும் வழி என் மாடலில் கிடையாது. நிரம்பிய பெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்தால் கனக்கும். அத்தனையும் நான் காசு கொடுத்து வாங்கிய மை. இது போதாதென்று, மேட் தாளுக்கான மேட் கறுப்புக்கும் கிளாஸிக்கான ஃபோட்டோ கறுப்புக்கும் ஒரே குழாய். தாள் வகையை மாற்றினால் குழாயைக் கழுவ ஒரு மடக்கு, திரும்ப மாற்றினால் இன்னும் பெரிய மடக்கு. அதனால் கிளாஸி பக்கமே மாதக்கணக்கில் போவதில்லை. ஒரு குழாய் கூடுதலாக வைத்திருந்தால் கம்பெனி முழுகியா போயிருக்கும்?

ஊரும் சேர்ந்து படுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று, தாள் ஓரம் சுருண்டு ஹெட்டில் உரசும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட காற்று, தூசியோடு வரும். ராத்திரி ஜன்னல் திறந்திருந்தால் எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று கோடு போட்டுப் பார்க்கிற நாசில் செக்கில் காலையில் கோடு விட்டு விட்டு விழும்.

எல்லாவற்றுக்கும் மேல் சுவிட்ச். பிரிண்டரில் உள்ள பட்டனை அமுக்கி அணைத்தால் ஹெட் ஒழுங்காகத் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். அது நகர்ந்துகொண்டிருக்கும்போது சுவரில் சுவிட்சை அணைத்தால், வாயைத் திறந்தபடி நடுவழியில் நின்று காயும். எங்கள் அம்மா ராத்திரி படுக்கப் போகும்முன் வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் வரிசையாக அணைத்துக்கொண்டே வருகிறவர். "ஏய்யா, ஆளில்லாத ரூம்ல கரண்டு எதுக்கு ஓடணும்?" நாற்பது வருடப் பழக்கம். எழுதி ஒட்டினேன். பிளாஸ்திரி போட்டேன். பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு அணைத்தார். கரண்டு கட்டுக்காக யுபிஎஸ் வாங்கினேன், அதன் சுவிட்சையும் அணைத்தார்.

இந்த ஆடியில் ஹெட் போனபோது அம்மாவிடம்தான் பாய்ந்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மதுரையில் இன்ஜினியர் கேட்ட முதல் கேள்வி, "அடைச்ச அன்னைக்கு எத்தனை தடவை கிளீனிங் குடுத்தீங்க?" எட்டுத் தடவை. ஆத்திரத்தில் அடுத்தடுத்து. இரண்டு மூன்று தடவைக்கு மேல் போகாமல் ஒரு ராத்திரி சும்மா விட்டிருக்க வேண்டும், அடுத்தடுத்துக் கொடுத்தால் காற்றுக் குமிழி ஏறி நிலைமை மோசமாகும் என்றார். புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. ஆக, 34,000இல் அம்மா பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இன்னும் கணக்குத் தீரவில்லை.

தம்பிக்கு என் பதில்: வேண்டாம். கல்யாண ஆல்பம் போடுகிறவருக்கு இந்த மிஷினால் ஒரு பைசா லாபமில்லை. அந்தப் பணத்தில் நல்ல மானிட்டர், ஒரு காலிபரேட்டர் வாங்குங்கள். லேபில் அவர்கள் மிஷினுக்கான புரொஃபைல் கேளுங்கள், "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று ஒவ்வொரு ஆர்டரிலும் எழுதிக் கொடுங்கள். முக்கால்வாசிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். மீதிக் கால்வாசிக்காக என்னைப்போல் ஏழு வருடம் தொலைக்காதீர்கள். மதிப்பெண் கேட்டால் பத்துக்கு நாலு. நேற்று காலையில் கேட்டிருந்தால் மூன்று.

நேற்று சாயங்காலம் புது ஹெட்டில் முதல் நாசில் செக் போட்டேன். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு முழுசா விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"அப்ப நான் இந்த ரூமுக்கே வரல. நீயே அணைச்சுக்கோ."