கூலண்ட் லைட்: பாகத்தை மாற்றிப் பார்ப்பதா, பிரஷர் போட்டுப் பார்ப்பதா?

பத்து வயதைத் தாண்டிய டீசல் வேனில் கூலண்ட் (என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) லைட் எரிந்தால் எங்கள் பக்கம் இரண்டு வழி உண்டு. ஒன்று, சந்தேகப்படும் பாகங்களை வரிசையாக மாற்றிக்கொண்டே போவது: முதலில் சென்சார், அப்புறம் ரேடியேட்டர் மூடி, அப்புறம் தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), கடைசியில் வாட்டர் பம்ப். இன்னொன்று, எதையும் கழற்றாமல் ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப்பை மாட்டி, பிரஷர் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது, அதாவது பிரஷர் டெஸ்ட். ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே யாத்திரை வருகிறவர்களை ஏற்றி ஓடும் என் வண்டிக்கு நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த வழிக்குப் போனாலும் முதலில் எரிவது எந்த லைட் என்று தெரிய வேண்டும். சில வண்டிகளில் அது கூலண்ட் அளவு குறைந்ததைச் சொல்லும், சிலவற்றில் சூடு ஏறியதைச் சொல்லும். சூட்டு லைட் என்றால் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டியதுதான். அளவு லைட் என்றால் என்ஜின் ஆறிய பிறகு கூலண்ட் டேங்கில் அளவுக் கோட்டைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றிப் பார்க்கும் வழியிலும் நியாயம் இருக்கிறது. கடற்கரை ஓரம் ஓடும் வண்டியில் சென்சார் பொய் சொல்வது சகஜம். பாம்பன் பாலத்தில் உப்புக் காற்றை வாங்கி வாங்கி, ஒயர் முனையில் பச்சையாகப் பூத்துவிடும். டேங்கில் கூலண்ட் கோட்டுக்குச் சரியாக நிற்கிறது, சூட்டு முள்ளும் வழக்கமான இடத்தில் இருக்கிறது, லைட் மட்டும் எரிகிறது என்றால் அந்த முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள். கழற்றினால் சில வண்டிகளில் லைட் அணையும், சிலவற்றில் எரியும். அதை வைத்தே ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒயரிங்கா சென்சாரா என்று சொல்லிவிடுவார். இதற்குப் பிரஷர் டெஸ்ட் எதற்கு?

மூடியும் அப்படித்தான். 0.9 பார் (பிரஷரின் அளவு) என்று குறித்த மூடி நன்றாக அடைத்து நின்றால், வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காமல் 118 டிகிரி பக்கம் வரை தாங்கும். ரப்பர் வளையம் காய்ந்த மூடியால் அந்தத் தாங்கு சக்தி போய்விடும், கூலண்டும் டேங்க் வழியாக வெளியே போகும். மலிவான பொருள், மாற்றிவிடலாம். ஆனால் பழைய மூடியில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணில் வாங்க வேண்டும்.

மூடியைத் தாண்டி அடுத்த பாகத்துக்குப் போகும்போதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினால் கூலண்டில் பாதி கீழே போகும். பம்ப்பை இறக்கினால் முழுவதும் போகும். ஒவ்வொரு தடவையும் திரும்ப எதை ஊற்றுகிறோம்? “இப்போதைக்குத் தண்ணியை ஊத்தி ஓட்டுங்கண்ணே, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று பக்கத்திலிருக்கும் குடத்தை எடுப்பார்கள். உச்சிப்புளியானாலும் கீழக்கரையானாலும் பெரும்பாலும் அது போர் தண்ணீர்தான். வாயில் வைத்தால் கரிக்கும்.

அந்தத் தண்ணீரால் வரும் கேடு லைட் எரிந்த காரணத்தைவிடப் பெரியது. தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துத் துளை போடும். கடினத்தன்மை தரும் உப்புகள் என்ஜினின் சூடான சுவர்களிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் சுண்ணாம்பாகப் படிந்து சூடு வெளியேறுவதைத் தடுக்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். மேலே மேலே ஊற்ற ஊற்ற உப்பு கூடும், கூலண்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து நீர்த்துப்போகும். குடிக்க ஆகும் தண்ணீர் என்ஜினுக்கும் ஆகும் என்று நினைக்க வேண்டாம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்பார்கள், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 வரைகூட அனுமதி உண்டு. கனரக டீசல் என்ஜின் தயாரிப்பாளர்களோ கூலண்டில் கலக்கும் தண்ணீரில் 40 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறார்கள். இந்த வித்தியாசம் மற்ற ஊர்களில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். இங்கே ரேடியேட்டரின் ஆயுளே அதில்தான் இருக்கிறது.

எனவே நான் பார்த்தது ஒன்றே ஒன்று: கோளாறைக் கண்டுபிடிக்கும் முன் எத்தனை தடவை கூலண்டை இறக்கி ஏற்ற வேண்டும்? பிரஷர் டெஸ்ட்டில் அது பூஜ்யம். குறைந்த அளவைச் சரிசெய்யக் கொஞ்சம் ஊற்றினால் போதும், அதையும் டிஸ்டில்டு வாட்டராகவே ஊற்றிவிடலாம்.

ஆறிய என்ஜினில் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்ப்பின் அடாப்டரை மாட்டி, மூடியில் குறித்த அளவு வரை மட்டும் அடிப்பார்கள். அதற்கு மேல் அடித்தால் நன்றாக இருக்கும் பழைய ஹோஸும் பிய்ந்துவிடும். கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் வெளியே கசிவு இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இறங்கினால் டார்ச்சோடு தேட வேண்டும்: கிளாம்ப் முனைகள், வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சின்னத் துளை, ரேடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பு. என் வண்டியில் அந்த மடிப்பில்தான் ஈரம் கண்டது. ஓடும்போது சூட்டில் காய்ந்துவிடுவதால் தரையில் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை, வெள்ளைப் பொருக்கு மட்டும் இருந்தது. மாற்றிப் பார்க்கும் வரிசையில் ரேடியேட்டரின் முறை வருவதற்குள் பம்ப் வரை காசு போயிருக்கும்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் கவலைப்பட வேண்டிய இடம் அது. ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) வழியாகக் கூலண்ட் என்ஜினுக்குள்ளே போகலாம், கேபின் ஹீட்டர் உள்ள வண்டியில் அதன் உள்பக்கமும் ஒழுகலாம். கேஸ்கட்டைத் தெரிந்துகொள்ள நீல நிற மருந்து வைத்துச் செய்யும் சோதனை உண்டு. எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் மருந்து நீலம் மாறிப் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஆகும். என் வண்டிக்கு அது தேவைப்படவில்லை, அதனால் அனுபவமாக ஒன்றும் சொல்ல முடியாது.

பிரஷர் டெஸ்ட்டுக்கும் எல்லை உண்டு. அடைத்துப்போன ரேடியேட்டர், திறக்காமல் சிக்கிய தெர்மோஸ்டாட், வழுக்கும் பேன் பெல்ட், ஓடாத எலக்ட்ரிக் பேன் எதையும் அது காட்டாது. கூலண்ட் குறையவே இல்லை, சூடு மட்டும் ஏறுகிறது என்றால் அதற்குக் காசு கொடுப்பது வீண். சூட்டில் மட்டும் திறந்துகொள்ளும் விரிசல் ஆறிய என்ஜினில் ஏமாற்றிவிடும் என்பதால் என் மெக்கானிக் இளஞ்சூட்டில் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். எலக்ட்ரிக் பேன் வைத்த சின்ன பெட்ரோல் வேன்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றில் ரிலேயையும் பியூஸையும் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள், அது சரியாகத்தான் படுகிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் யோசனை இந்த இரண்டிலும் சேராது. வெயில் ஊருக்கு அது வேண்டாம் என்பார்கள். என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், டீசலும் கூடக் குடிக்கும், கசிவோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

கைப்பம்ப் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. கிளம்பும் முன் போன் செய்து, உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அடாப்டர் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டேங்குக்கு வேறு அடாப்டர் வேண்டும். அதுவரை வண்டியைத் தனுஷ்கோடிப் பக்கம் வாடகைக்கு அனுப்ப வேண்டாம். அரிச்சல்முனை வரை போகும் அந்த ரோட்டில் நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் கடல்தான், ஊற்ற நல்ல தண்ணீர் கிடைக்காது.