பலகை முகப்பா, குதிரை முதுகா?

அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்கள் வட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது கேட்பார்கள்: "கௌபாய் ஊர்ல, ஒதுக்குப்புறமா ஒரு வாரம் தங்கணும், எங்கே போகலாம்?" கேட்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். மரப்பலகைக் கடைகள், ஆடும் கதவு வைத்த சலூன் என்ற மதுக்கடை, புழுதித் தெரு, தூரத்தில் மலை. ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்த காலத்திலேயே நமக்குள் பதிந்துபோன காட்சி அது. அந்தக் காட்சியைத் தேடிப் போனால் ஒரு வகை இடம் கிடைக்கும். குதிரையைத் தேடிப் போனால் முற்றிலும் வேறு வகை. பலகை முகப்பு கூடக் கூடக் குதிரை குறையும் என்பது என் கணக்கு. அதை வைத்துத்தான் ஐந்து இடங்களைப் பார்க்கப் போகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். காசு வாங்கி விருந்தாளிகளைத் தங்கவைத்துக் குதிரை ஏற்றும் பண்ணைக்கு அங்கே டியூட் ரான்ச் என்று பெயர். "டியூட் ரான்ச் என்பதே சுற்றுலாப் பயணிக்காகப் போட்ட வேஷம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வேஷம்தான், ஆனால் அந்த வேஷத்துக்கே நூற்று நாற்பது வயது. ஈட்டன் சகோதரர்கள் மூவர் 1880களின் தொடக்கத்தில் வடக்கு டகோட்டாவின் மெடோரா அருகே மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். கிழக்கு நகரங்களிலிருந்து நண்பர்கள் வேட்டையாட வந்து வாரக்கணக்கில் டேரா போட்டார்கள். விருந்தாளிச் சாப்பாட்டுச் செலவு கையைக் கடித்தது. கடைசியில் வந்தவர்களே காசு கொடுத்துத் தங்க முன்வந்தார்கள். 1886-87 குளிர்காலத்தில் அந்தச் சமவெளியில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பக்கத்தில் பண்ணை வைத்திருந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் அதில் பெரும் பணம் இழந்தார். மாட்டை நம்பினால் ஒரே பனியில் எல்லாம் போகும், விருந்தாளி அப்படிச் சாக மாட்டான் என்று பண்ணைக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். ரயில் கம்பெனிகளும் இதில் வருமானம் இருப்பதைப் பார்த்தன. 1926இல் பண்ணைக்காரர்கள் சங்கம் உருவானபோது அதன் பின்னால் நார்தர்ன் பசிபிக் ரயில்வே இருந்தது. ஆக, நகரத்து ஆள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கௌபாயாக நடிப்பதும் அசல் மேற்கின் ஒரு பகுதிதான். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த ஈட்டன் குடும்பம் 1904இல் வையோமிங்கின் உல்ஃப் என்ற இடத்துக்குப் பெயர்ந்தது. பிக்ஹார்ன் மலையடிவாரம், ஷெரிடன் ஊரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கேயே தலைமுறை தலைமுறையாக நடத்துகிறார்கள். என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். காரணம் ஒன்று. பெரும்பாலான பண்ணைகளில் ராங்லர் எனப்படும் குதிரைக்காரர் முன்னால் போவார், நாம் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் பின்னால் போவோம். முன்னால் போகும் குதிரையின் வாலைத் தவிர வேறு எதையும் பார்த்த ஞாபகம் இருக்காது. ஈட்டனில் உங்கள் சவாரியைப் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டால், துணைக்கு ராங்லர் இல்லாமல் நீங்களே போய்வரலாம். அமெரிக்காவில் இப்படி விடும் இடங்கள் மிகக் குறைவு. காப்பீட்டுக்காரர்கள் தொல்லையை நினைத்தால் ஏன் என்று புரியும்.

அதற்கு எதிர்முனையில் அரிசோனா, டூசான் நகருக்கு வெளியே இருக்கும் ஒயிட் ஸ்டாலியன் ரான்ச். 3,000 ஏக்கர், சாகுவாரோ தேசியப் பூங்காவை ஒட்டியது. ஒரே குடும்பம் 1965 முதல் நடத்திவருகிறது. ஈட்டன் மலையும் ஓடையும் என்றால் இது ஆள் உயரத்துக்கும் மேலே கை விரித்து நிற்கும் சாகுவாரோ கள்ளி. இங்கே எல்லாம் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும்: மெதுவான சவாரி, வேகமான சவாரி, மாடுகளை ஓட்டிப் பட்டியில் அடைக்கும் போட்டி, வாரம் ஒரு ரோடியோ என்ற கௌபாய் வித்தைப் போட்டி. குதிரையே ஏறாதவர் முதல் நாள் ஏறி, கடைசி நாள் மாட்டை விரட்டும் அளவுக்கு வந்துவிடலாம். டூசான் விமான நிலையத்தில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பது குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. "ஒதுக்குப்புறம்" என்ற சொல் இதற்கு அவ்வளவு பொருந்தாது. இரவில் நகர வெளிச்சம் வானத்தின் ஓரத்தில் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பதைப் பெரும்பாலும் காலண்டரே சொல்லிவிடும். வையோமிங் பண்ணை கோடையில்தான் திறந்திருக்கும். அரிசோனா பண்ணைகளுக்கு அக்டோபரிலிருந்து மே வரைதான் உயிர். கோடையில் அங்கே பகல் 40 டிகிரியைத் தாண்டும், ஜூலையில் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் விடுமுறை மட்டும்தான் கிடைக்கும் என்றால் வையோமிங் பேச்சே வேண்டாம். பள்ளி ஜூனில் விட்டு ஆகஸ்டில் திறக்கும் பிள்ளைகள் இருந்தால் அரிசோனாவை மறந்துவிடலாம். ஆகஸ்ட் கடைசியில் மேற்கு முழுவதும் காட்டுத்தீப் புகை வர வாய்ப்பு உண்டு. அதனால் கோடை என்றால் ஜூன் கடைசியையே நான் சொல்வேன். ஓடையில் தண்ணீர் இருக்கும், புல் பச்சையாக இருக்கும்.

பணம்? இரண்டுமே மலிவில்லை. சாப்பாடு, அறை, சவாரி எல்லாம் சேர்த்து ஆளுக்கு வாரம் சில ஆயிரம் டாலர் ஆகிவிடும். நான்கு பேர் குடும்பம் என்றால் சென்னைக்கு ஒரு முறை போய்வரும் டிக்கெட் செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஊழியர்களுக்கு டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். விலைப் பட்டியலில் பெரிய எழுத்தில் போடாத செலவு அது. தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் இருப்பவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சான் அன்டோனியோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் பண்டேரா. "உலகின் கௌபாய் தலைநகரம்" என்று தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஊர். நம்மூரில் சில பேர் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதை நினைத்தால் பெரிய குற்றமில்லை. 1870களில் மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்ற பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது, ஆகவே பட்டம் முழுப் பொய்யும் இல்லை. சுற்றிலும் பல பண்ணைகள். அவற்றில் டிக்ஸி டியூட் ரான்ச் 1937 முதல் விருந்தாளிகளை ஏற்கிறது. இங்கே ஒரு வாரம் கட்டாயம் என்ற பிடிவாதம் குறைவு, வார இறுதிக்கு மட்டும் போகலாம். சவாரி குறைவு, இரவில் ஊருக்குள் போய்ப் பாட்டும் ஆட்டமும் அதிகம். குதிரை நமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க நல்ல இடம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, அந்தப் பலகை முகப்புக்கு வருவோம். அது வேண்டுமென்றால் கலிபோர்னியாவின் பயனியர்டவுன். ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்கா பக்கத்தில், மொஹாவி பாலைவன மேட்டில். ராய் ராஜர்ஸ், டிக் கர்ட்டிஸ் போன்ற அந்தக் காலத்துக் கௌபாய் நடிகர்கள் பணம் போட்டு 1946இல் தொடங்கிய ஊர் இது. படப்பிடிப்புக்கு அரங்கமாகவும் இருக்க வேண்டும், மக்கள் குடியிருக்கவும் வேண்டும் என்பது யோசனை. தெருவின் பெயர் மேன் (Mane) ஸ்ட்ரீட். முக்கிய வீதி என்பதுபோல ஒலிக்கும், எழுதிப் பார்த்தால் குதிரையின் பிடரி. படக்குழுவினர் தங்கக் கட்டிய மோட்டலில் இன்று நாம் தங்கலாம். காலை ஏழு மணிக்கு ஆளில்லாத அந்தத் தெருவில் நடந்தால் நம் தலைக்குள் இருக்கும் காட்சி அச்சு அசலாக அப்படியே நிற்கும். ஆனால் அறை வாடகையில் குதிரை சேராது, மூன்று வேளைச் சாப்பாடும் சேராது. ஒரு வாரம் என்ன செய்வீர்கள்? ஒரு இரவு போதும், பக்கத்துத் தேசியப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டால் இரண்டு. செலவோ பண்ணையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காட்சிதான் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் இங்கே போய்விட்டு, மிச்சப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது இடம் பட்டியலுக்குள் கொஞ்சம் முரண்டு பிடித்து நுழைகிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஃபான்டம் ரான்ச். பெயரில் ரான்ச் இருக்கிறது, மாடு கிடையாது. மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1922இல் திறந்த கல்லும் மரமுமான சிறு குடில்கள். சாலை இல்லை. நடந்து போகலாம், கோவேறு கழுதையில் போகலாம், அல்லது கொலராடோ ஆற்றில் படகில் வரலாம். அவ்வளவுதான். சாப்பாட்டுச் சாமானும் கழுதை முதுகில்தான் இறங்குகிறது. அங்கிருந்து போடும் தபாலும் கழுதை முதுகில்தான் ஏறுகிறது, அதற்கென்று தனி முத்திரையே குத்துவார்கள். தெற்கு விளிம்பிலிருந்து பிரைட் ஏஞ்சல் பாதையில் 15 கிலோமீட்டருக்கு மேல், இறக்கம் மட்டும் 1,300 மீட்டருக்கு மேல். மறுநாள் அத்தனையும் ஏற வேண்டும். ஒதுக்குப்புறம் என்ற ஒரே அளவுகோலில் மற்ற நான்கும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அறைக்கு 15 மாதம் முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும், விழுந்தால் அதிர்ஷ்டம். தண்ணீர்க் குழாய்ப் பணிகளுக்காக அவ்வப்போது மூடுவதும் உண்டு. கழுதைச் சவாரிக்கு எடை வரம்பு உண்டு, கூச்சப்படாமல் எடை போட்டே பார்ப்பார்கள்.

எடை வரம்பு குதிரைப் பண்ணைகளிலும் உண்டு. பல இடங்களில் நூறு கிலோவைத் தாண்டினாலே பேச்சு வரும். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது மேல், லாயத்தின் முன்னால் பத்து பேர் நடுவில் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அரிசோனாவில் நான் தங்கிய ஒரு பண்ணையில் சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் இரவு எனக்கென்று தனியாகப் பீன்ஸ் கொண்டுவந்து வைத்தார்கள். நன்றாகவே இருந்தது. மூன்றாவது கரண்டியில் ஒரு பன்றி இறைச்சித் துண்டு வந்தது. "அது சுவைக்குப் போடுவதுதானே" என்றார் சமையல்காரர், உண்மையிலேயே குழம்பிப்போய். மாட்டுக்கார ஊரில் பீன்ஸ் என்றால் பன்றிக் கொழுப்போடுதான் வேகும். ஆகவே "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, பீன்ஸ் எதில் வேகிறது என்று கேளுங்கள். அப்புறம் அவர்கள் எனக்காக வாரம் முழுவதும் மிளகாய் வறுத்துக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊறுகாய்ப் பாட்டிலை எல்லா இடத்துக்கும் எடுத்துப் போங்கள்.

இந்த இடங்கள் காட்டாமல் விடுவது எது என்றும் பார்க்க வேண்டும். அலங்காரத்தில் தொங்கும் கௌபாய் பெரும்பாலும் வெள்ளைக்காரர். அந்தத் தொழிலின் சொற்களோ ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை: ரோடியோ, சுருக்குக் கயிறான லாசோ, பட்டியைக் குறிக்கும் கொரால். ராங்லர் என்ற சொல்லுக்குப் பின்னாலும் மெக்சிகோவில் குதிரைக்காரரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் நிற்கிறது என்பார்கள். மாடோட்டிகளில் மெக்சிகர்களும் கறுப்பினத்தவரும் கணிசம். நிலம் யாருடையது என்ற கேள்வியைப் பலகை ஊர்கள் தொடுவதே இல்லை. இந்த விஷயத்திலும் வையோமிங்குக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். ஷெரிடனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட்டினால், 1876இல் லகோட்டா, ஷையன் பழங்குடி வீரர்கள் அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரின் படையை முறியடித்த லிட்டில் பிக்ஹார்ன் களம். குதிரைக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் போய்வரலாம்.

குதிரையே ஏறாதவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் அரிசோனாவுக்குப் போங்கள், நவம்பரிலோ மார்ச்சிலோ. புகைப்படம்தான் நோக்கம் என்றால் பயனியர்டவுன். கால் பலமும் பொறுமையும் இருந்தால் ஃபான்டமுக்கு இன்றே பெயர் கொடுத்து வையுங்கள். நான் வையோமிங்தான் போவேன். ஆனால் அதற்கு முன்னால் உள்ளூர் லாயத்தில் பத்து வகுப்பாவது எடுத்துவிட வேண்டும். அரிசோனாவில் இரண்டாம் நாளே, சேணத்தில் தொங்கும் கால்மிதியான அங்கவடியில் கால் வைக்க முடியாமல், ஏறுவதற்கு மரப்பெட்டி கேட்டு நின்றவன் நான். குதிகால் உள்ள பூட்ஸும் இருக்க வேண்டும். குதிகால் அழகுக்கு இல்லை. பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளாமல் நிறுத்துவது அதுதான்.