எஃப் கார்டு வரவில்லையா? முதலில் கிடாரைச் சோதியுங்கள்

பிள்ளைகளுக்கு கிடார் வாங்கித் தரப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடை. மாடியில் அவர்களே கிளாஸும் நடத்துகிறார்கள். "புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் சார் பெஸ்ட்" என்று என் மகளுக்கு ஒரு அக்கூஸ்டிக் கிடாரைக் கொடுத்தார்கள். ஜி, சி, டி கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவைக்கும் பிடிகள்) எல்லாம் எப்படியோ வந்துவிட்டன. சி-யிலிருந்து எஃப்-க்கு மாறும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். பாதிக் கம்பிகள் பேசவே இல்லை. எஃப் எல்லோருக்கும் கஷ்டம்தான். அதற்காகத்தான் நல்ல மாஸ்டர்கள் நான்கு கம்பி மட்டும் பிடிக்கும் சின்ன எஃப்-ஐ முதலில் சொல்லித் தருவார்கள். இந்த கிளாஸ் மாஸ்டர் அதையும் செய்யவில்லை, அவள் கிடாரை ஒருமுறை வாங்கி வாசித்தும் பார்க்கவில்லை. "பாப்பாவுக்கு விரல்ல பலம் பத்தல, பிராக்டிஸ் பண்ணச் சொல்லுங்க" என்றதோடு சரி. அடுத்த கட்ட ஃபீஸை மட்டும் மறக்காமல் கேட்டார்கள். விரல் நுனி கன்றிப்போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தனக்கு இசையே வராது என்று அவள் நம்பத் தொடங்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

வேறொரு கிடார் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கையில் எடுத்ததுமே சொல்லிவிட்டார்: நட்டில் (கழுத்தின் தலைப்பக்க நுனியில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) கம்பி உட்காரும் பள்ளங்களைச் சரியாக ராவவே இல்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் 4 மி.மீ. இடைவெளி; 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டியது. பள்ளங்களை ராவி, சேடிலை (கிடாரின் உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) இறக்கி, 12 கேஜ் (தடிமன்) கம்பிகளை எடுத்துவிட்டு மெல்லிய 10 போட்டுக் கொடுத்தார். எஃப் ஒலித்தது. கடையில் போய்க் கேட்டதற்கு, "செட்டப் தனி சார்ஜ் சார்" என்று பதில். இப்படி நட்டையும் சேடிலையும் சரிசெய்து தருவதைத்தான் செட்டப் என்கிறார்கள். விற்கும்போது அப்படி ஒன்று இருப்பதையே சொல்லவில்லை.

வாங்கும்போது ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி போதும். அதைவிட நன்றாகத் தூக்கி நின்றால் எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் அதே எஃப் பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே சுலபமாக ஒலித்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் உயிரே போகிறதென்றால் நட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடைக்காரர் "போகப் போகப் பழகிடும்" என்று சொன்னால், செட்டப் செய்து தருவதாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.