கார் ஸ்டீரியோ நின்று நின்று பாடினால், பேட்டரி வாங்குவதற்கு முன் எர்த் ஒயரைச் சோதிக்கச் சொல்லுங்கள்

திருச்சியில் கார் துணைப்பொருட்கள் விற்கும் கடை ஒன்று, ஒரே கோளாறைக் காரணம் காட்டி என்னிடம் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருட்களை விற்றது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த விற்பனை முறை அந்த ஒரு கடையோடு நிற்பதாகத் தெரியாததால், நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

பழைய ஹேட்ச்பேக் காரில் இருந்த ரேடியோவை எடுத்துவிட்டு, ஆண்ட்ராய்டு தொடுதிரை செட், நான்கு கதவுகளுக்கும் புதிய ஸ்பீக்கர்கள், ரிவர்ஸ் கேமரா ஆகியவற்றைப் பொருத்தினார்கள். கூலியோடு 18,500 ரூபாய். பில்லுக்குப் பதிலாக ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச்சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே தொல்லை தொடங்கியது. வேகத்தடையில் ஏறி இறங்கினாலோ ஒலியைச் சற்று கூட்டினாலோ திரை இருண்டு, செட் லோகோவிலிருந்து மறுபடி தொடங்கும். அது முழுமையாக விழித்தெழும் வரை ரிவர்ஸ் கேமராவும் வேலை செய்யாது. வேறு சில நேரங்களில் திரை நன்றாக இருக்கும், பாட்டும் ஓடும், ஆனால் சத்தம் மட்டும் வராது.

கடைக்காரர் டேஷ்போர்டைத் திறக்கவில்லை, மீட்டரும் வைக்கவில்லை. “செட்டுல ஒண்ணும் இல்ல சார், பேட்டரி வீக்” என்றார். எஞ்சின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது, அதனோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுக்கும். வண்டி ஓடும்போது ஸ்டீரியோவுக்கான மின்சாரம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலிருந்தே வருகிறது என்பதால், ஓடும் வண்டியில் மட்டும் வரும் கோளாறுக்குப் பேட்டரியைக் காரணம் சொல்வது பொருந்தாது. இதைக் கேட்டபோது, “அதெல்லாம் புது வண்டிக்கு சார்” என்ற பதில்தான் கிடைத்தது. பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு 5,400 ரூபாய்க்குப் புதியது போட்டார்கள். கோளாறு அப்படியே இருந்தது.

அடுத்து, செட்டே சரியில்லை என்று சொல்லி, வித்தியாசத் தொகை 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘அடுத்த மாடலை’ மாட்டினார்கள். அதுவும் நின்றது. பிறகு, செட் நான்கு ஸ்பீக்கர்களுக்கும் தலா ஐம்பது என இருநூறு வாட் தருவதால் வண்டியின் ஒயர் தாங்கவில்லை என்றும், தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தால்தான் சரியாகும் என்றும் சொல்லி 9,000 ரூபாய் கேட்டார்கள். அந்த செட்டின் முதுகில் இருந்ததோ 15 ஆம்பியர் ஃபியூஸ். 14 வோல்ட்டில் அது உள்ளே விடுவதே சுமார் 210 வாட்தான். அதில் கணிசமான பகுதி வெப்பமாகப் போய்விடும். பெட்டியில் அச்சிடப்படும் 50 வாட் என்பது நொடிப்பொழுது உச்சம். தொடர்ந்து வருவது ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 20 வாட்டை ஒட்டியே இருக்கும். ஆம்ப்ளிஃபயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பின்னர் வண்டியைப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன், எதையும் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரின் ஒரு முனையை செட்டின் கறுப்பு ஒயரிலும் (மின்னோட்டம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயர் இதுதான்) மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்து, ஒலியைக் கூட்டச் சொன்னார். எர்த் சரியாக இருந்தால் அங்கே 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட்தான் காட்ட வேண்டும். மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டி ஆடியது. டேஷ்போர்டைத் திறந்தபோது, எர்த் ஒயர் பெயின்ட் அடித்த ஒரு தாங்கியின் திருகாணியில் வெறுமனே சுற்றப்பட்டிருந்தது. ஒயர் முனையில் பொருத்தும் உலோக வளையமான லக் இல்லை, பெயின்டும் சுரண்டப்படவில்லை. அப்படியானால் செட் இத்தனை நாள் எப்படி ஓடியது என்று கேட்டேன். எர்த் சரியில்லாதபோது மின்னோட்டம் ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னல் வழியாகத் திரும்பிச் செல்லும் என்றும், மெதுவாகப் பாடும்வரை அது சமாளிக்கும், சத்தம் கூடினால் கைவிட்டுவிடும் என்றும் விளக்கினார்.

சத்தம் மட்டும் போனதற்குக் காரணம் வேறு. பின்பக்க இடது கதவில் ஸ்பீக்கரின் திருகாணி ஒயரைக் கிழித்து, அதன் மைனஸ் கம்பியைக் கதவுத் தகட்டோடு தொட வைத்திருந்தது. இக்காலத்து செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை எர்த் அல்ல. இரு முனைகளையுமே செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் இயக்குகிறது. அதில் ஒன்று வண்டியின் உடலைத் தொட்டால் பாதுகாப்புச் சுற்று ஒலியை நிறுத்திவிடும். சுத்தச் செம்பு என்று சொல்லி விற்ற ஸ்பீக்கர் ஒயரைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்புப் பூச்சு போட்ட அலுமினியம்! வண்டியோடு வந்த கப்ளரையும் (ஒயர்களை வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்) வெட்டி, கம்பிகளை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். திருச்சி வெயிலில் டேஷ்போர்டுக்குள் அந்தப் பசை இளகி வழிந்திருந்தது. வண்டி மாடலுக்கேற்ற கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அசல் ஒயரை வெட்டவேண்டிய தேவையே இல்லை.

பெயின்ட் இல்லாத உலோகத்தில் லக் வைத்து எர்த் கொடுத்து, கப்ளர் போட்டு, கதவு ஒயரை மாற்றியதற்கு அவர் வாங்கிய கூலி 800 ரூபாய். செட் அதன்பிறகு நிற்கவில்லை.

உங்கள் வண்டியில் இதே தொல்லை இருந்தால், எது நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். செட் லோகோவிலிருந்து தொடங்கினாலோ, பழைய வகை செட்டில் கடிகார நேரமும் சேமித்த நிலையங்களும் அழிந்தாலோ, பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் தரும் மஞ்சள் ஒயரிலோ கறுப்பு எர்த்திலோ தொடர்பு விடுகிறது. அணைந்து உடனே விட்ட இடத்திலிருந்து எழுந்தால், சாவியோடு இயங்கும் சிவப்பு ஒயரைப் பார்க்க வேண்டும். திரை இருக்க எல்லா ஸ்பீக்கர்களும் ஊமையானால், ஒலியை இடது, வலது, முன், பின் என்று நகர்த்திப் பார்ப்பதைவிட, ஸ்பீக்கர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது நல்லது. எதைக் கழற்றியதும் மற்றவை பாடுகின்றனவோ கோளாறு அதில். ஒரு கதவு மட்டும், அதுவும் திறந்து மூடும்போது விட்டுவிட்டுப் பாடினால், கீலருகே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கலாம். வெயிலில் நெடுநேரம் பாடிய பிறகே நின்றால், செட் சூடேறுகிறது என்று பொருள். இவற்றில் எதற்கும் புதுப் பேட்டரி மருந்தல்ல.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, வெளியாள் ஒயரிங்கில் கைவைத்துவிட்டதால் வாரண்டி போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள். வண்டியின் அசல் ஒயரை வெட்டியவர்கள் சொன்ன பதில் இது. நல்லவேளையாக, எலக்ட்ரீஷியன் அண்ணன் தொடுவதற்கு முன்பே சுற்றிவைத்த எர்த்தையும் கிழிந்த ஒயரையும் படமெடுக்கச் சொல்லியிருந்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இதேபோன்ற எஸ்டிமேட் சீட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறியாமல், யுபிஐயில் பணம் செலுத்திய விவரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.