டிரான்ஸ்டியூசர் மாட்டக் கொடுத்தேன், படகின் பின்பலகையே போனது

மலேசியாவில், பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங் ஜெட்டியில் சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீன் பார்க்கும் கருவி வாங்கிவிட்டு, அதன் டிரான்ஸ்டியூசரை (தண்ணீருக்குள் ஒலி அனுப்பும் பகுதியை) மாட்டித்தர ஆள் தேடிக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெர்ணம் ஆறு வழியாகக் கடலுக்குப் போவேன். 18 அடி படகு, 40 குதிரைசக்தி மோட்டார். கருவி வாங்கியது மீனுக்காக மட்டும் இல்லை. ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும்போது சேற்றுத் திட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, தண்ணீர் அப்படிக் கலங்கி ஓடும். ஆழம் இவ்வளவு என்று திரையில் ஓர் எண் தெரிந்தால், மகனைத் தைரியமாகக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன்.

கருவி 1,400 வெள்ளி, மாட்டுக்கூலி 280. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் காலையில் படகை டிரேலரோடு விட்டு, மாலையில் எடுத்தேன். "எல்லாம் ஓகேண்ணே, பாருங்க" என்று சுவிட்சைப் போட்டுக் காட்டினார். திரை எரிந்தது. அங்கேயே நின்று முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். படகு தரையில் இருக்கும்போது திரை எரிந்தால் பேட்டரி இணைப்பு சரி என்று அர்த்தம், அவ்வளவுதான். கீழே மாட்டிய டிரான்ஸ்டியூசர் வேலை செய்கிறதா என்பது படகு தண்ணீரில் ஓடினால்தான் தெரியும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு மெதுவாகப் போனவரை ஆழம் நன்றாகக் காட்டியது. வேகத்தைக் கூட்டியதும் எண் மின்னி மின்னி அடங்கிவிட்டது. கடைக்காரரைக் கூப்பிட்டேன். "நம்ம பக்கம் சேத்துத் தண்ணிண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்றார். சேறுதான் காரணம் என்றால் மெதுவாகப் போகும்போது எப்படித் தெரிந்தது? கேட்டேன். வந்து நாலு விரல் தள்ளி மாட்டிவிட்டுப் போனார். பழைய ஓட்டைகளில் வெள்ளையாக எதையோ பிதுக்கி அடைத்தார். எண் மட்டும் திரும்பி வரவில்லை.

மூன்றாவது வாரம் மச்சானும் மகனும் என்னோடு வந்தார்கள். திரும்பும்போது தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. திரையில் ஆழமே இல்லை. படகு ஒரு குலுக்கலோடு சேற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று மச்சான் காலை வைத்தான், தொடைவரை உள்ளே போய்விட்டது. நாலு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம், தண்ணீர் ஏறும்வரை. பையனுக்கு ஒன்பது வயது. கொண்டுபோன குடிதண்ணீர் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. அன்று இரவு என் மனைவி என்னிடம் பேசவே இல்லை.

அதற்கப்புறம்தான் கருவியோடு வந்த புத்தகத்தை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். டிரான்ஸ்டியூசர் ஒலியை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். ஆனால் நடுவே காற்றுக்குமிழி வந்தால் ஒலி அதைத் தாண்டாது. எங்கள் படகின் அடியில் நீளமாக ஓடும் புடைப்பு வரிகள் இருக்கின்றன. வேகமாகப் போகும்போது அவற்றின் பின்னால்தான் குமிழி கிளம்பும். நம்மவர் அந்த வரிக்கு நேர் பின்னாலேயே மாட்டியிருந்தார். நகர்த்தியபோது இன்னும் மோட்டார் பக்கம் கொண்டுபோய்விட்டார். டேப் வைத்து அளந்தேன், மோட்டாரின் காற்றாடியிலிருந்து 20 சென்டிமீட்டர்கூட இல்லை. குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

ஐந்தாறு மாதத்தில் படகின் பின்பக்கம் கனத்தது. மோட்டாரைப் பிடித்து அசைத்தால் பின்பலகையும் சேர்ந்து அசைந்தது. டிரான்ஸ்டியூசரின் திருகாணி ஒன்றைக் கழற்றப் போனேன், திருப்புளியே வேண்டியிருக்கவில்லை. விரலால் இழுத்தேன், வந்துவிட்டது. அதன் பின்னால் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது, ஊறிய தேங்காய் மட்டை நாற்றம். திருகாணி துருப்பிடித்துப் பாதியாகத் தேய்ந்திருந்தது. ஃபைபர் படகு என்றாலும் பல படகுகளில் பின்பலகைக்குள் இருப்பது ஒட்டுப்பலகைதான். நீர்மட்டத்துக்குக் கீழே ஆறு ஓட்டை போட்டு, குளியலறைக்குப் பூசும் சாதாரண சிலிக்கோனை வைத்து அடைத்திருக்கிறார். தண்ணீர் உள்ளே போய்ப் பலகையை அழுக வைத்துவிட்டது. கேபிளையும் நடுவில் வெட்டிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். பிரித்துப் பார்த்தால் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. அந்தக் கேபிளை வெட்டவே கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது.

ஜெட்டி ஓரம் படகு கட்டும் சீனப் பெரியவர் அழுகியதை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். 1,900 வெள்ளி. அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் ஒரு மரத்துண்டில் டிரான்ஸ்டியூசரைக் கட்டி, பின்பலகையில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டு, ஆற்றில் வேகமாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எண் நிலையாக நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்தார். அந்த இடத்தில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பலகையைக் கடலுக்கான பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, டிரான்ஸ்டியூசரை அந்தப் பலகையில் முடுக்கினார். படகில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிப்பாகத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே. இப்போது முழு வேகத்திலும் ஆழம் தெரிகிறது.

மரப் படகுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். படகுக்குள்ளேயே ஒட்டினால் போதும், ஓட்டையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே ஒட்டுவது நடுவில் எதுவும் இல்லாத கெட்டி ஃபைபருக்குத்தான் சரிவரும். மரம் ஒலியை விழுங்கிவிடும்.

கடைக்காரரிடம் பழுதுபார்த்த செலவைக் கேட்டேன். "ரசீது இருக்கா?" என்றார். ரசீது தரவில்லைதான். ஆனால் வங்கிப் பரிமாற்றமும் வாட்சாப் பேச்சும் படங்களும் என்னிடம் இருக்கின்றன. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போட்டுவிட்டேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 50,000 வெள்ளிவரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. ஆனால் அந்தச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவருக்குத்தான். மீன்பிடித் தொழிலுக்கு மாட்டியவர்கள் இந்த வழியை நம்பி இருந்துவிடாதீர்கள். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை, கேட்காதீர்கள்.

படகைக் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: என்ன பசை பூசுவீர்கள், எத்தனை ஓட்டை போடுவீர்கள், தண்ணீரில் என்னோடு வந்து வேகமாக ஓட்டிக் காட்டுவீர்களா. கூலியில் பாதியை அந்த ஓட்டம் முடியும்வரை கையிலேயே வைத்திருங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள், அடுத்த முறை படகை மேலே ஏற்றும்போது திருகாணிகளைச் சுற்றித் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். என் படகில் 'தொப்' என்று கேட்டது.